ஈரக் குடுவை

டீ இடைவேளையில் பயிற்சியாளர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அதில் ஒரு வில்லங்கமும் அவளுக்குத் தெரியவில்லை.

"லேப்ல உங்க டீச்சர் எதுக்கும்மா ரொம்பத் திட்டுவாங்க?"

பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார். சுற்றி நாலைந்து ஆசிரியர்கள் காகிதக் கோப்பையும் பிஸ்கட்டுமாக நின்றிருந்தார்கள். காலையிலிருந்து அவரிடம் குட்டுப்பட்டு ஒடுங்கிப் போனவர்கள். இனி வேறு யாராவது மாட்டட்டும் என்று காத்திருந்த முகங்கள். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை பெரியவர்கள் வட்டமாக நின்று தன் வாயைப் பார்க்கிறார்களே என்று ஒரு குஷி வந்துவிட்டது.

"ஃபிளாஸ்க் ஈரமா இருந்தா சார்," என்றாள்.

"ஈரமா இருந்தா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கையிலிருந்த கோப்பையைக் குடுவைபோல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். அந்த டீச்சர் அவளுடைய அத்தைதான்; அத்தையின் கட்டைக் குரலை அப்படியே தொண்டைக்குக் கொண்டுவந்தாள்.

"என்னடி இது? குடிக்கவா கொண்டுவந்த? ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா மொத்தக் கணக்கும் நாசம். போ, வெளியில நின்னு ஊதிக் காய வை."

முதலில் சிரித்தது கனைப்பு சார். அவள் பள்ளிக்கூடத்தின் இன்னொரு வேதியியல் ஆசிரியர். தொண்டையைச் செருமாமல் வாயைத் திறக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். ஒரு டீச்சருக்கு டீ புரையேறியது.

பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு சொட்டு இருந்தாலுமா?" என்றார்.

"ஒரு சொட்டு இருந்தாலும் சார். அதான் பசங்க அவங்களை வறட்சி டீச்சர்னு சொல்லுவாங்க. என்னைக் குட்டி வறட்சின்னு."

"நல்லா நடிக்கிற," என்று சொல்லிவிட்டு அவர் கோப்பையை நசுக்கித் தொட்டியில் போட்டார்.

அத்தை அந்த நேரம் கைகழுவும் இடத்தில் இருந்தாள். பக்கத்தில் இருந்திருந்தால் இவள் வாய் திறந்திருப்பாளா? அத்தை இருமினாலே இவள் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவாள்.

அது சிறப்பு வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி. பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில், படிப்பில் கெட்டியான பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கிற வகுப்பு அது. இத்தனை காலம் யார் வேண்டுமானாலும் எடுத்தார்கள். இந்த வருடம் புதிதாக ஒரு விதி வந்துவிட்டது: பயிற்சியில் தேறியவர்தான் எடுக்கலாம். அத்தையும் கனைப்பு சாரும் ஒரே பள்ளியிலிருந்து வந்திருந்தார்கள். பள்ளியில் அந்த வகுப்பு இருப்பதோ ஒன்று. வருகிற வழியில் இருவரும் ஒரே பேருந்தில் ஏறி, ஒருவர் முன்வாசல் பக்கமும் மற்றவர் பின்வாசல் பக்கமுமாக உட்கார்ந்து வந்தார்கள்.

விடுமுறையில் பூட்டிக்கிடந்த வேறொரு பள்ளியின் சோதனைக்கூடத்தில் பயிற்சி நடந்தது. தலை நரைத்த ஆசிரியர்கள் மாணவர்களின் முக்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் ஆளுக்கொரு அட்டை. ஒவ்வொருவரும் தங்கள் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்பது உத்தரவு. அத்தை தன் தம்பி மகளைக் கூட்டிவந்தாள். வீட்டில் விட்டால் டிவி பார்ப்பாள் என்பது ஒரு காரணம்.

பிள்ளைகள் எதற்கு என்றால், முள் எடுக்கிற பயிற்சிக்கு. அந்தப் பெயர் பயிற்சியாளர் வைத்தது. ஒரு பிள்ளையின் காதில் அவர் ஒரு தவறான கருத்தை ஓதிவிடுவார். பிள்ளை போய் ஓர் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து அதைத் தன் கருத்தாகப் பேசவேண்டும். தவறு எது என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும்; பதிலைச் சொல்லாமல், திட்டாமல், கேள்வி கேட்டுக் கேட்டே பிள்ளையை அதிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். "முள்ளை நான் வைப்பேன், நீங்க எடுக்கணும். கத்தியும் கூடாது, ரத்தமும் கூடாது," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொந்த மாணவர் சொந்த ஆசிரியர் முன்னால் உட்காரக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

பிள்ளைகள் அவருக்குப் பியூரெட் என்று பெயர் வைத்திருந்தார்கள். சோதனைக்கூடத்தில் தாங்கியில் நிற்கும் நீளமான கண்ணாடிக் குழாய்தான் பியூரெட். அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் உள்ளே இருப்பது சொட்டுச் சொட்டாக விழும். அவரும் அப்படித்தான் பேசுவார். ஒரு சொல் விழும். எதிரில் இருப்பவர் நிறம் மாறுகிறாரா என்று பார்ப்பார். அடுத்த சொல் விழும். அன்று காலை அழுக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரிடம், "பிள்ளை உங்களுக்கு... பயந்து... தலையாட்டுச்சு. புரிஞ்சு இல்ல," என்று மூன்று சொட்டு விட்டார். பெரியவர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனவர் திரும்பவில்லை.

சாயங்காலம் வீட்டில் அத்தை சாப்பிட உட்காரவில்லை. நின்றபடியே தட்டை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியாம்மா? ஏன் அப்படி நினைக்கிற?" குழைவான குரல். அந்தக் குரலை அந்த வீடு அதற்குமுன் கேட்டதில்லை.

மாமா பள்ளி வேன் ஓட்டுகிறவர். "சுவரு பதில் சொல்லிச்சா?" என்றார்.

"உங்களை மாதிரிதான். வாயைத் திறக்கல."

"நாளைக்கு உன் முறையா?"

"ஆமா. இன்னைக்கு அந்தச் செருமல் தாண்டிட்டான். முகத்துல அப்படி ஒரு இளிப்பு." அத்தை இவள் பக்கம் திரும்பினாள். "ஏய், டீ குடிக்கும்போது எல்லாரும் சிரிச்சீங்களே, என்னடி அது?"

இவள் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தாள். "யாரோ ஜோக் சொன்னாங்க அத்தை."

"நீ ஒண்ணும் வாயாடலியே?"

"இல்ல."

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். பிறகு மாமாவிடம்தான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் இவள் மேல் விழுந்தது. "இந்த வகுப்பு எனக்குப் போச்சுன்னா அந்தப் பள்ளிக்கூடத்துல நான் கால் வைக்க மாட்டேன். ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவேன். அப்புறம் ஒத்தைச் சம்பளத்துல இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையை வச்சுக் காப்பாத்த என்னால ஆகாது. அவ அப்பன்கிட்டயே போகட்டும்."

மாமா தட்டைப் பார்த்தார். இவளும் தட்டைப் பார்த்தாள். அப்பா வேலை செய்யும் இடத்தில் ஆண்கள் பத்துப் பேர் ஓர் அறையில் அடுக்குக் கட்டிலில் படுப்பார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடமே கிடையாது. அம்மா போனபிறகு அதனால்தான் இவள் இங்கே வந்தாள். அத்தை சொன்னால் சொன்னதுதான். முன்பு ஒருதரம் நாய்க்குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று சொன்னாள். மறுநாள் நாய்க்குட்டி இல்லை.

மறுநாள் காலை சோதனைக்கூடத்துக்கு வெளியே நடைவழியில் பியூரெட் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அடுத்து நீ. உங்க டீச்சர் டேபிள்."

"சொந்த டீச்சர்கிட்ட உட்காரக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்."

"விதி யாரு போட்டது?"

"நீங்க."

"அப்ப சரி. கேட்டுக்கோ. அமிலத்தைக் காரத்தோட அளக்கிற சோதனை. நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஃபிளாஸ்க் நல்லாக் காய்ஞ்சிருக்கணும். உள்ள ஈரம் இருந்தா அளவு தப்பாயிடும். அதைப் பிடிச்சுக்கிட்டே நில்லு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "அதுல தப்பு எங்க சார் இருக்கு?"

அவர் அவளையே பார்த்தார். நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் பார்வை. பிறகு சொட்டுச் சொட்டாக விட்டார். "பிப்பெட்ல... அமிலத்தை அளந்து... ஃபிளாஸ்க்ல விடுற. விட்டாச்சு. அப்புறம் தண்ணி சேர்ந்தா அமிலம் கூடுமா?"

"கூடாது."

"குறையுமா?"

"...குறையாது."

"அது எவ்வளவு காரம் கேக்கும்?"

"அதே அளவு." சொல்லும்போதே காதுமடல் சூடாகியது. "அப்ப ஃபிளாஸ்க் ஈரமா இருந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. பியூரெட்ல ஈரம் கூடாது, பிப்பெட்ல கூடாது. ஃபிளாஸ்க்ல நீச்சலே அடிக்கலாம்." அவர் புன்னகைத்தார். "இதை உங்க டீச்சர் உன் வாயிலேர்ந்து வரவழைச்சுட்டா அவங்க பாஸ்."

"வரவழைக்கலன்னா?"

"அதைப் பாக்கத்தானே நாங்க இருக்கோம்."

அவர் போய்விட்டார். அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். எதிர்ச்சுவரில் தீயணைப்புக் கருவி தொங்கியது. அதன் மேலிருந்த அறிவிப்பை நாலு தரம் படித்தாள். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை.

முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். போன வருடம் செய்முறைத் தேர்வில் அவள் குடுவையில் ஈரம் இருந்தது என்று அத்தை அஞ்சு மார்க்கை வெட்டினாள். எல்லார் முன்னாலும் வாசலில் நிற்கவைத்து ஊதச் சொன்னாள். ஊதி ஊதித் தலை சுற்றியது. பையன்கள் ஜன்னலில் நின்று பலூன் பலூன் என்று கத்தினார்கள். அத்தனையும் எதற்கு? ஒன்றுமில்லாததற்கு.

அதன் பின்னால்தான் பயம் வந்தது. அத்தை இந்த முள்ளை எடுக்க மாட்டாள். அது முள் என்றே அத்தைக்குத் தெரியாது. பிள்ளை சரியாகத்தானே சொல்கிறாள் என்று தட்டிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். இந்த முள்ளை எடுத்துப் பியூரெட்டின் கையில் கொடுத்தது யார்? டீயும் பிஸ்கட்டுமாக நின்று நடித்துக் காட்டியது யார்?

அத்தை மாடிப்படிப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். இவள் ஓடினாள்.

"அத்தை, ஒரு நிமிஷம். அந்த ஃபிளாஸ்க்..."

"இங்க என்னை அத்தைன்னு கூப்பிடாதேன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்."

"டீச்சர், ஃபிளாஸ்க் ஈரமா இருந்தா..."

"வாயை மூடு." அத்தையின் கண் நடைவழியின் அந்தக் கோடிக்குப் போனது. அங்கே கனைப்பு சார் செல்போனைப் பார்ப்பதுபோல நின்றிருந்தார். "அவன் பாத்துக்கிட்டு இருக்கான். முன்கூட்டியே பிள்ளைகிட்டக் கேட்டுக்கிட்டாங்கன்னு போட்டுக் கொடுக்கிறதுக்கா? உன் தயவுல ஜெயிக்கிற நிலைமை எனக்கு இன்னும் வரல. போ."

"டீச்சர், நான் சொல்றதை..."

"போடின்னா."

அவள் போனாள்.

அத்தை மேசையைச் சுற்றி எல்லா ஆசிரியர்களும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் தாங்கியில் பியூரெட், பிப்பெட், நாலைந்து கூம்புக் குடுவைகள், நிறம் காட்டும் திரவம், ஒரு வெள்ளை ஓடு. பயிற்சியாளர் ஜன்னல் திண்டில் சாய்ந்து கைகட்டி நின்றார். கனைப்பு சார் முதல் வரிசை.

உட்கார்வதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தவறாகச் சொன்னால்தானே அத்தை மாட்டுவாள்? சரியாகவே சொல்லிவிடலாம். முள்ளே இல்லாவிட்டால் எடுக்கவும் வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது என்று அத்தை சொல்லிவிட்டால் முடிந்தது. பயிற்சியாளர் கோபப்பட்டால் தன்மேல் படட்டும். அவளுக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள்.

"வாம்மா," என்றாள் அத்தை. சுவரிடம் பழகிய குரல். "இந்தச் சோதனையை எப்படி ஆரம்பிப்ப, சொல்லு."

"பியூரெட்டைத் தண்ணில கழுவி, அப்புறம் காரத்தால ஒரு தரம் அலசுவேன் டீச்சர்."

"ஏன்?"

"உள்ள இருக்கிற தண்ணி காரத்தோட கலந்துடக் கூடாது."

"ரொம்ப சரி. அப்புறம்?"

"பிப்பெட்டை அமிலத்தால அலசுவேன். ஃபிளாஸ்க்கைத் தண்ணில கழுவுவேன். அப்படியே எடுத்துப்பேன்."

அத்தையின் புருவம் ஏறியது. "அப்படியேன்னா?"

"ஈரத்தோடவே."

அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும்தான் இவளுக்கு உறைத்தது. முள்ளைக் கண்டுபிடித்துவிட்டதாக அத்தை நினைத்துக்கொண்டாள். ஒரு பார்வை கனைப்பு சார் பக்கம் போய் வந்தது.

"சரிம்மா," என்றாள் அத்தை இன்னும் குழைந்து. "ஈரம்னா என்ன? தண்ணி. தண்ணி சேர்ந்தா அமிலம் என்ன ஆகும்?"

"நீர்த்துப் போகும்."

"அப்ப அளவு?"

தலையாட்டிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று ஊதியதும் ஞாபகம் வந்தது.

"அளவு மாறாது டீச்சர். அமிலத்தை ஏற்கனவே அளந்தாச்சே. எவ்வளவு தண்ணி சேர்ந்தாலும் உள்ள இருக்கிற அமிலம் அதேதானே?"

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுட்டேன் டீச்சர். ஈரமா இருந்தா ஒண்ணும் ஆகாது."

"ஆகாதா?"

"ஆகாது."

குழைவு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அத்தை ஒரு குடுவையை எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

"என்னடி இது? குடிக்கவா கொண்டுவந்த? ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா மொத்தக் கணக்கும் நாசம். போ, வெளியில நின்னு..."

அதற்குமேல் கேட்கவில்லை. அறையே வெடித்துவிட்டது. சொல் மாறாமல், கண் சுருக்குவதுகூட மாறாமல் நேற்று பார்த்த அதே காட்சி. ஒருவர் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். நேற்றுப் புரையேறிய டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனைப்பு சார் செருமக்கூட நேரமில்லாமல் சிரித்தார்.

அத்தை குடுவையைத் தூக்கிய கையோடு நின்றாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. திரும்பித் தன் கோட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள், ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. 

பயிற்சியாளர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "டீச்சர். பிள்ளை சொல்றது தப்பா?"

"தப்பு. இதென்ன கேள்வி?"

"செஞ்சு... காட்டுங்களேன்."

அத்தையின் தாடை இறுகியது. "தாராளமா."

சோதனைக்கூடத்தில் அத்தையின் கை எப்படிப்பட்டது என்று பள்ளிக்கே தெரியும். மற்றவர்கள் செய்தால் ஒருதரம் நிறம் ஏறாமல் நிற்கும், ஒருதரம் கடுஞ்சிவப்பாகப் போய் நிற்கும். அத்தையின் விரல் திருகின் மேல் இருந்தால், நிறம் மாறுகிற அந்தச் சொட்டோடு நின்றுவிடும். முதலில் காய்ந்த குடுவை. அமிலத்தை அளந்து விட்டாள். நிறம் காட்டியில் இரண்டு சொட்டு. வெள்ளை ஓட்டின் மேல் வைத்து, குடுவையைச் சுழற்றிக்கொண்டே காரத்தை இறக்கினாள். கடைசியில் ஒரு சொட்டு. குடுவை முழுக்க இளஞ்சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. "பதினெட்டு புள்ளி நாலு," என்றாள்.

பியூரெட்டை மறுபடி பூஜ்யக் கோடுவரை நிரப்பினாள். அடுத்த குடுவையை எடுத்து, ஈரம் மட்டும் போதாது என்பதுபோல அரைக் குடுவைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினாள். "ஒரு சொட்டுக்கே கணக்கு நாசம்னு சொன்னேன். இவ்வளவுக்கு என்ன ஆகுதுன்னே பாருங்க." அதே அமிலம், அதே அளவு. திருகைத் திறந்தாள்.

காரம் இறங்கியது. பத்தைத் தாண்டியது. பதினைந்தைத் தாண்டியது. பதினெட்டில் அத்தை வேகத்தைக் குறைத்தாள். ஒரு சொட்டு. சுழற்றல். இன்னொரு சொட்டு. அத்தையின் கண் குழாயிலிருந்த கோடுகளில் இருந்தது. அந்தக் கண்ணில் கேள்வி வந்ததை இவள் பார்த்தாள். எத்தனையோ வருடத்தின் கேள்வி ஒரேயடியாக வந்ததுபோல அது அகலத் திறந்திருந்தது.

அடுத்த சொட்டில் குடுவை இளஞ்சிவப்பானது.

அங்கேதான் இவளுக்கு அந்த நினைப்பு வந்தது. ஒரு நொடி போதும். அத்தை அந்தத் திருகை இன்னும் ஒரு நொடி திறந்து வைத்தால் போதும். அளவு பத்தொன்பதுக்குப் போய்விடும். பார்த்தீர்களா என்று சொல்லிவிடலாம். கை தவறுவது யாருக்கும் சகஜம். தவறட்டும், தவறட்டும் என்று இவள் மனசுக்குள் கும்பிட்டாள். அத்தையின் விரல் திருகின் மேலேயே இருந்தது. நகம் வெளுத்திருந்தது.

திருகு மூடியது.

"பதினெட்டு புள்ளி நாலு," என்றாள் அத்தை. குரல் யாருடையதோ போல இருந்தது.

"முள்ளு... பிள்ளை கால்ல இல்ல டீச்சர்," என்றார் பயிற்சியாளர். இம்முறை ஒரே ஒருவர்தான் சிரித்தார். அவரும் செருமலில் மறைத்துக்கொண்டார். "தெரியாம இருந்ததுக்கு நான் மார்க் குறைக்க மாட்டேன். யாருக்கும் எல்லாம் தெரியாது. ஆனா ஒரு பிள்ளை ரெண்டு தரம் காரணத்தோட சரியாச் சொல்லுச்சு. அதை வெளியில போய் நிக்கச் சொன்னீங்க." அட்டையில் ஏதோ குறித்தார். "இந்த வருஷம் வேண்டாம்."

பிறகு இவள் பக்கம் திரும்பினார். "நான் சொல்லச் சொன்னது வேற. நீ ஏன் மாத்துன?"



"என்ன சொல்லச் சொன்னீங்க?" என்றாள் அத்தை.

"ஃபிளாஸ்க் காய்ஞ்சே இருக்கணும்னு."

"அது... அது நான் சொல்றதாச்சே. உங்களுக்கு எப்படி?"

கனைப்பு சார் செருமினார். "நேத்து டீ டைம்ல நடிச்சே காட்டுனாளே டீச்சர். அச்சு அசலா நீங்கதான். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

அத்தை இவளைப் பார்க்கவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றினாள். குடுவைகள் இரண்டையும் தொட்டியில் கொட்டி, கழுவி, கவிழ்த்து வைத்தாள். துடைத்துக் காயவைக்கத் துணியை எடுத்தவள், கையில் துணியோடு சற்று நின்றுவிட்டு, அதை அப்படியே மேசையில் போட்டுவிட்டு நடந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலில் நாலு பேர் நின்றார்கள். அத்தை வெயிலில் போய் நின்றாள். இவளும் இரண்டடி தள்ளி வெயிலிலேயே நின்றாள். அப்பாவின் அறையில் அடுக்குக் கட்டிலில் மேல்தட்டா கீழ்த்தட்டா என்று மனசு கண்டபடி ஓடியது.

"நடிச்சுக் காட்டு," என்றாள் அத்தை.

"அத்தை..."

"அங்க அத்தனை பேருக்குக் காட்டுன. எனக்குக் காட்டு."

நிழலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் கோப்பை இல்லை. அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள்; சுருக்கியதும் கண்ணீர் வழிந்தது. "என்னடி இது... குடிக்கவா கொண்டுவந்த..."  எப்படியோ கடைசிவரை சொல்லி முடித்தாள்.

அத்தை முழுதும் பார்த்தாள். "சத்தம் பத்தல. நான் இதைவிட ஜாஸ்தி கத்துவேன்."

ஒரு பேருந்து வந்தது, அவர்களுடையது இல்லை. போய்விட்டது.

"உங்க அப்பாவுக்குப் போன் போடு."

வந்துவிட்டது. அப்பாவிடம் அனுப்பத்தான். இரண்டு தரம் எண் தப்பியது. "என்ன சொல்லணும் அத்தை?"

"இனிமே உனக்கு வேற கெமிஸ்ட்ரி வாத்தியார்னு சொல்லு. அந்தச் செருமல்கிட்டதான் படிக்கணும்னு சொல்லு. டியூஷன் எதுவும் கிடையாது, வீட்ல கேட்டா நானும் சொல்லித்தர மாட்டேன்னு சொல்லு."

போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். "அப்ப நீங்க எழுதிக் கொடுக்கல?"

"எழுதிக் கொடுத்துட்டு? உங்க மாமாவோட வேன்ல உக்காந்து ஊரைச் சுத்தட்டுமா? எட்டாங்கிளாஸுக்குப் போறேன். அங்கயும் ஃபிளாஸ்க் கழுவ யாராவது சொல்லிக்கொடுக்கணுமே." அத்தை தெருவைப் பார்த்தபடியே பேசினாள். "உன்மேல எனக்கு இருக்கிற கோவம் போகாது. போகும்னு எதிர்பாக்காத. வீட்ல இருக்கலாம், சாப்பிடலாம், படிக்கலாம். என்கிட்டப் பேச வராத, நானா கூப்பிடுற வரைக்கும்."

"சரி அத்தை."

"அஞ்சு மார்க்தானே வெட்டுனேன், போன வருஷம்?"

"ஆமா."

 கையிலிருந்த போனுக்குள்ளிருந்து அப்பா ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். அவர்களுடைய பேருந்து வந்து நின்றது. அத்தை முன்வாசலில் ஏறினாள். இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசலில் ஏறினாள்.